பிரிட்டன் மாணவர் விடுதி அறைக்கு எந்த மின்சாதனத்தைக் கொண்டுசெல்லலாம்?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு பெரும்பாலும் செப்டம்பர் இறுதியில் தொடங்குவதால், ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடக்கிறது. துணிமணி, ஊறுகாய், பருப்புப்பொடி ஆகியவற்றோடு சிறிய மிக்ஸி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடு, நான்கு பிளக் சொருகக்கூடிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகியவையும் அந்தப் பெட்டிக்குள் போகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை விடுதி அறையில் வைத்திருக்கவே அனுமதி இல்லை என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, பல நேரங்களில் முதல் அறைச் சோதனையின்போதுதான், மாணவருக்குத் தெரியவருகிறது. அப்போது அந்தப் பொருளைத் திருப்பி அனுப்பவும் முடிவதில்லை, பயன்படுத்தவும் முடிவதில்லை. ஆகவே விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலையைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

எந்த விடுதியின் பட்டியலிலும் எல்லாப் பொருள்களும் இருக்காது. பட்டியலில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமானால் விதி எதற்காக எழுதப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: ஒன்று அந்த நாட்டின் ஒயரிங், மற்றொன்று அறைக் கூரையில் இருக்கும் புகை உணர்வான். இவ்விரண்டையும் புரிந்துகொண்டவருக்கு மீதி விதிகள் தாமாகவே விளங்கிவிடும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

அறை ஒதுக்கப்பட்டதும் மின்னஞ்சலில் ஓர் ஒப்பந்தம் வரும். அதில் மின்சாதனங்களைப் பற்றி ஒரு வரி மட்டுமே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி, விடுதிக் கையேட்டில் உள்ள விதிகளுக்குக் கட்டுப்படுவதாக நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று சொல்லும். எனவே ஒப்பந்தத்தை ஏற்பதாகப் பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்தக் கையேட்டையும் தேடி எடுத்துப் படிக்க வேண்டும். மின்சாதனம், தீ விபத்துப் பாதுகாப்பு, தடைசெய்யப்பட்ட பொருள்கள் ஆகிய மூன்று தலைப்புகளிலும் பாருங்கள். மின்சாதனங்களைப் பற்றிய தடைகள் பல கையேடுகளில் தீப் பாதுகாப்புப் பகுதிக்குள்ளேயே இருக்கும்.

கையேடு பொருள்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கும். கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாதவை ஒரு வகை. சமையலறையில் மட்டும் வைத்துப் பயன்படுத்தலாம், அறையில் கூடாது என்பவை இன்னொரு வகை. நிபந்தனையோடு அறையில் வைத்துக்கொள்ளக்கூடியவை மூன்றாவது வகை. ரைஸ் குக்கர்தான் தமிழ் மாணவர்களை அதிகம் குழப்பும் பொருள், ஏனெனில் அது ஒரு விடுதியில் முதல் வகையிலும் வேறொரு விடுதியில் இரண்டாம் வகையிலும் இருக்கும். உணவு வழங்கும் விடுதிகளில் முழுச் சமையலறை இருக்காது, மைக்ரோவேவும் கெட்டிலும் உள்ள சிறு இடம்தான் இருக்கும். அங்கே ரைஸ் குக்கரை அனுமதிப்பது அரிது. மாணவர்களே சமைத்துக்கொள்ளும் விடுதிகளில் சமையலறைக்குள் மட்டும் அனுமதிப்பவர்கள் உண்டு.

ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கும் இருவருக்குக்கூட வெவ்வேறு விதிகள் இருக்கலாம், ஏனெனில் ஒருவருடைய விடுதியைப் பல்கலைக்கழகமே நடத்தும், மற்றவருடையதைத் தனியார் நிறுவனம் நடத்தும். ஆகையால் சீனியர் மாணவர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "நான் கொண்டுபோனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதுவதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் விடுதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பொருளின் பெயர், மாடல், எத்தனை வாட், எங்கே வைத்துப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பவற்றைக் குறிப்பிட்டு, பொருளின் அடியில் உள்ள விவரத் தகட்டின் படத்தையும் இணைத்தால், அவர்களால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். வந்த பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். சோதனைக்கு வரும் அலுவலர் வேறொருவராக இருக்கலாம். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதியை அவரிடம் நிரூபிக்க முடியாது.

சுவருக்குள் இருக்கும் வேறுபாடு

"இந்தியாவிலும் 230 வோல்ட், அங்கேயும் 230 வோல்ட், இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ்தானே, பிளக்கை மாற்றும் அடாப்டர் ஒன்று போட்டால் போதாதா?" என்ற கேள்வியை ஏறத்தாழ ஒவ்வொரு பெற்றோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வோல்டேஜைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி; இந்திய மிக்ஸி பிரிட்டனில் அதே வேகத்தில் சுற்றும். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது.

நம் வீடுகளில் 6 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்குச் செல்லும் ஒயருக்குப் பொதுவாக அதற்கேற்ற சிறிய எம்சிபியும், ஏசி, கெய்சர் போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனி ஒயரும் தனி எம்சிபியும் இருக்கும். சாதனத்தின் ஒயரில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் சுவிட்ச் போர்டில் உள்ள எம்சிபி விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும் என்பது அந்த அமைப்பின் எதிர்பார்ப்பு. பிரிட்டனிலோ பல சாக்கெட்டுகளை ஒரே வளையமாக இணைத்து, அந்த வளையம் முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே 32 ஆம்பியர் பாதுகாப்புக் கருவியை வைக்கிறார்கள். 32 ஆம்பியர் வரை பாய விடும் ஒரு சுற்றில் மெல்லிய ஒயர் கொண்ட மேசை விளக்கைச் சொருகினால் அந்த ஒயரைக் காப்பாற்றுவது எது? அதற்காகத்தான் 1947இல் வெளியான பிஎஸ் 1363 தரநிலையின்படி செய்யப்படும் மூன்று செவ்வகக் கால்கள் கொண்ட பிளக்கின் உள்ளேயே ஃபியூஸ் வைக்கப்படுகிறது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு இந்தப் பிளக் பழக்கமானதே. தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு அது புதிது.

இந்தியப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. மலிவான அடாப்டரில் அதைச் சொருகி பிரிட்டன் சாக்கெட்டில் மாட்டும்போது, 6 ஆம்பியருக்காகச் செய்யப்பட்ட ஒயர் 32 ஆம்பியர் சுற்றோடு நேரடியாக இணைகிறது. ஒயருக்குள் முழு ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டால் எம்சிபி உடனே விழுந்துவிடும். ஆனால் 15 அல்லது 20 ஆம்பியர் அளவில் ஒரு கோளாறு ஏற்பட்டால் எம்சிபி அதைக் கோளாறாகவே பார்க்காது. ஒயர் சூடேறி, மேலுறை உருகி, அருகில் உள்ள படுக்கை விரிப்பிலோ திரைச்சீலையிலோ தீப்பிடிக்கும் வரை மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கலாம். நல்ல அடாப்டர்களில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும் என்றாலும், அதுவும் மெல்லிய ஒயருக்குப் பெரிய அளவுதான். விடுதிகள் பயண அடாப்டரைக் கண்டிப்பாகத் தடை செய்வதற்கும், "முதல் சில நாட்களுக்கு மட்டும்" என்று வரையறுப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இதைவிட ஆபத்தான ஒரு பழக்கம் உண்டு. பிரிட்டன் சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளையும் ஒரு தடுப்பு மூடியிருக்கும். மேலே உள்ள எர்த் துளைக்குள் நீளமான கால் நுழைந்தால்தான் அந்தத் தடுப்பு விலகும். இரண்டு கால் சார்ஜரை நுழைப்பதற்காக எர்த் துளைக்குள் பேனாவையோ சாவியையோ விட்டுத் தடுப்பைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நுழைத்த பிளக் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து நிற்கும், தளர்ந்த இடத்தில் தீப்பொறி பறக்கும், ஃபியூஸ் பாதுகாப்பும் இருக்காது. எந்த அவசரத்திலும் இதைச் செய்யக் கூடாது.

சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அன்றாடப் பொருள்கள்

லேப்டாப்பும் கைபேசியும் இல்லாமல் படிக்க முடியாது. எந்த விடுதியும் அவற்றைத் தடை செய்வதில்லை. லேப்டாப்பின் கறுப்பு நிற பவர் அடாப்டரைப் பாருங்கள். அதில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் அதை அப்படியே பயன்படுத்தலாம். மாற்ற வேண்டியது அந்த அடாப்டருக்கும் சுவருக்கும் இடையே உள்ள ஒயரை மட்டுமே, ஏனெனில் பெரும்பாலான லேப்டாப்களில் அது கழற்றக்கூடிய தனி ஒயர். பிரிட்டன் சென்றதும் அதே வகை முனையும், ஃபியூஸ் உள்ள பிரிட்டன் பிளக்கும் கொண்ட ஒயரைச் சில பவுண்டுகளுக்கு வாங்கிவிடலாம். இந்தச் சிறு செலவு பயண அடாப்டர் என்ற பிரச்சினையையே இல்லாமல் செய்துவிடுகிறது. கைபேசிக்கும் பிரிட்டன் பிளக் கொண்ட சார்ஜர் தலையை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். இணையச் சந்தைகளில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பெயரில்லாச் சார்ஜர்களைத் தவிர்த்து, தெரிந்த கடையில், பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் சிஇ அல்லது யுகேசிஏ முத்திரை உள்ளதை வாங்க வேண்டும். முத்திரையைப் போலியாகவும் அச்சிட முடியும் என்பதால், எங்கே வாங்குகிறோம் என்பதும் முத்திரையளவுக்கு முக்கியம்.

இந்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அதை அனுமதிக்கும் விடுதியை நான் கண்டதில்லை. அதன் முனையில் ஒரே ஓர் அடாப்டரை மாட்டிவிட்டு நான்கு இந்தியப் பிளக்குகளைச் சொருகும் யோசனை பரவலாகச் சொல்லப்படுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: மேலே விளக்கிய ஆபத்து அதில் நான்கு மடங்காகிறது. சாக்கெட்டிலேயே நேரடியாக மாட்டும் கனசதுர வடிவ மல்டிபிளக்கும் பெரும்பாலான இடங்களில் தடை செய்யப்பட்டுள்ளது, ஏனெனில் அதன் எடையும் அதில் தொங்கும் ஒயர்களின் எடையும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிளக்கைத் தளர்த்திவிடுகின்றன. அனுமதிக்கப்படுவது, ஒயரும் 13 ஆம்பியர் ஃபியூஸும் உள்ள, பிஎஸ் 1363 குறிப்பிட்ட நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒன்றின் முனையில் இன்னொன்றைச் சொருகி நீட்டக் கூடாது; தரைவிரிப்புக்கு அடியில் ஒயரை விடக் கூடாது; படுக்கையின் மேல் வைக்கக் கூடாது.

அந்தப் பாக்ஸில் எத்தனை துளைகள் இருந்தாலும் மொத்தமாக எடுக்கக்கூடியது 13 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3000 வாட். லேப்டாப் 65 வாட், கைபேசி 20 வாட், மேசை விளக்கு 10 வாட் என்று கூட்டிப் பார்த்தால் நூறு வாட்டைக்கூட எட்டாது. அதில் கவலை இல்லை. 2000 வாட் ஹேர் டிரையரும் 2400 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினால் 4400 வாட், அதாவது 19 ஆம்பியருக்கு மேல். 13 ஆம்பியர் ஃபியூஸ் 13ஐத் தாண்டிய கணமே எரிந்துவிடும் என்று நினைப்பது தவறு. சுமார் 20 ஆம்பியர் வரை அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் பிளக்கும் சூடாகிக்கொண்டிருக்கும். எனவே வெப்பம் உண்டாக்கும் எந்தச் சாதனத்தையும் எக்ஸ்டென்ஷனில் மாட்டாமல், சுவர் சாக்கெட்டில் நேரடியாக, ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஃபியூஸ் எரிந்துபோனால் அதே அளவு ஃபியூஸையே போட வேண்டும். சுமார் 700 வாட் வரையிலான சாதனங்களுக்குச் சிவப்பு நிறக் குறியுள்ள 3 ஆம்பியர் ஃபியூஸும், அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பழுப்பு நிற 13 ஆம்பியர் ஃபியூஸும் பொதுவான வழக்கம். கையில் இருப்பது பெரியது என்பதற்காக மேசை விளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது பாதுகாப்பை நாமே நீக்குவதாகும். ஒரே சாதனத்தில் திரும்பத் திரும்ப ஃபியூஸ் எரிந்தால் கோளாறு சாதனத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியைப் பல விடுதிகள் சலவை அறையில் தாமே வைத்திருக்கின்றன. இருந்தால் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. ஹேர் டிரையர், முடி நேராக்கும் கருவி ஆகியவை பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டவை. அவற்றைக் குளியலறைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை, ஏனெனில் பிரிட்டன் குளியலறைகளில் ஷேவருக்கும் மின் பல்துலக்கிக்கும் உரிய சிறப்புச் சாக்கெட்டைத் தவிர வேறு சாக்கெட் வைக்கமாட்டார்கள்.

சமையலும் புகை அலாரமும்

விடுதி அறையின் கூரையில் இருப்பது பெரும்பாலும் புகையை உணரும் கருவி. சமையலறையின் கூரையில் இருப்பது வெப்பத்தை உணரும் கருவி. அடுப்பில் கடுகு தாளிக்கும்போது எழும் புகையைப் பொருட்படுத்தாத கருவியைச் சமையலறையில் பொருத்தியிருக்கிறார்கள். உறங்குபவரை எவ்வளவு விரைவாக எழுப்ப முடியுமோ அவ்வளவு விரைவாக எழுப்பும் கருவியைப் படுக்கையறையில் பொருத்தியிருக்கிறார்கள். அறையில் கெட்டிலில் கொதிக்கும் நீரின் ஆவி, ரைஸ் குக்கர் மூடியின் இடுக்கில் வரும் ஆவி, ரொட்டி கருகும் மெல்லிய புகை ஆகிய எதுவும் அந்தக் கருவியைத் தூண்டிவிடக்கூடும். தூண்டினால் கட்டடம் முழுவதும் அலாரம் அடித்து, ஜனவரி மாத நள்ளிரவாக இருந்தாலும் அங்கே வசிக்கும் அனைவரும் வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கும். அறையில் சமைக்கக் கூடாது என்ற விதி தீப்பிடிக்கும் ஆபத்துக்காக மட்டும் எழுதப்படவில்லை. பொய் அலாரம் அடிக்கடி அடித்தால் உண்மையான அலாரத்துக்கும் மாணவர்கள் வெளியேறாமல் படுத்துக்கிடப்பார்கள் என்ற அச்சமும் அதில் இருக்கிறது, அந்த அச்சம் நியாயமானது.

தாளிக்கும்போது செய்யக்கூடாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். புகை அதிகமானதும் சமையலறைக் கதவைத் திறந்து வைப்பது நம் இயல்பு. அந்தக் கதவுக்கு வெளியே உள்ள நடைபாதையில் புகை உணர்வான் இருக்கும். கதவைத் திறந்த சில நொடிகளில் அலாரம் அடித்துவிடும். கதவை மூடியே வைத்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, சன்னலைத் திறக்க வேண்டும். அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு. அதற்கு முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பது தனிக் குற்றம். அறையின் புகை உணர்வானைப் பாலித்தீன் பையாலோ காலுறையாலோ மூடுவது அதைவிடப் பெரிய குற்றம். அபராதத்தோடு நிற்காமல் ஒழுங்கு நடவடிக்கைக்கும், சில நேரங்களில் அறையை இழப்பதற்கும் அது கொண்டுபோய்விடும்.

சமையலறையில் அடுப்பு, மைக்ரோவேவ், குளிர்சாதனப் பெட்டி ஆகியவை இருக்கும்; கெட்டிலையும் டோஸ்டரையும் பல விடுதிகளில் அவர்களே வைத்திருப்பார்கள். ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பு, மின்சார ஹாட் பிளேட், எண்ணெயில் பொரிக்கும் மின்சாதனம் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல எண்ணவே வேண்டாம். பெரும்பாலான விடுதிகளில் அவற்றுக்குச் சமையலறையிலும் இடமில்லை. ரைஸ் குக்கருக்கு அனுமதி இல்லாவிட்டால், மூடி பொருந்தும் பாத்திரத்தில் அடுப்பில் வேகவைப்பதும், மைக்ரோவேவ் பாத்திரத்தில் வேகவைப்பதும் ஓரிரு வாரத்தில் கைவந்துவிடும். அடுப்பு இண்டக்‌ஷன் வகையாக இருந்தால் அலுமினியப் பாத்திரமும் அலுமினியப் பிரஷர் குக்கரும் அதில் சூடாகாது. எல்லா எவர்சில்வர் பாத்திரங்களும் சூடாகும் என்றும் சொல்ல முடியாது. வீட்டிலேயே பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், உறுதியாக ஒட்டினால் கொண்டுசெல்லலாம்.

மிக்ஸியைப் பற்றி என் கருத்து தெளிவானது: இந்தியாவிலிருந்து கொண்டுசெல்ல வேண்டாம். அதன் பிளக்கை வெட்டிவிட்டு பிரிட்டன் பிளக்கைப் பொருத்தலாம் என்பார்கள். தெரிந்தவர் சரியாகச் செய்தால் அது பாதுகாப்பாகவே ஓடும், ஆனால் கையால் பொருத்திய பிளக்கைப் பார்த்ததும் விடுதி அலுவலர் அந்தச் சாதனத்தைச் சோதனைக்கு உட்படுத்தச் சொல்வார் அல்லது அகற்றச் சொல்வார். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் உள்ள கடைகளில் பிரிட்டன் பிளக்குடனேயே மிக்ஸி கிடைக்கிறது, இட்லி மாவும் கிடைக்கிறது. சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களோடு பேசி அனைவருக்கும் பொதுவாக ஒரு மிக்ஸி வைத்துக்கொண்டால் விடுதிகள் பெரும்பாலும் ஆட்சேபிப்பதில்லை. அமைதி நேரமாக அறிவிக்கப்பட்ட இரவுப் பொழுதில் மட்டும் அதை ஓட்டக் கூடாது.

குளிர்

நவம்பர் மாதக் குளிரில் முதன்முறையாக இருப்பவர் ரூம் ஹீட்டர் வாங்க நினைப்பது இயற்கை. ஆயினும் தனியாக வாங்கிய ஹீட்டர் ஏறத்தாழ எல்லா விடுதிகளிலும் தடை செய்யப்பட்ட பொருள்தான். ஒரு ஹீட்டர் 2000 வாட் எடுக்கும். ஒரே சுற்றில் உள்ள நான்கு அறைகளில் நான்கு பேர் அதை ஓட்டினால் அந்தப் பகுதிக்கே மின்சாரம் நின்றுவிடக்கூடும். துணி காயப்போட்ட நாற்காலியின் அருகில் அதை ஓடவிட்டுத் தூங்கிவிடுவதுதான் அதைவிடப் பெரிய அச்சம்.

எனவே அறையில் ஏற்கெனவே உள்ள ஹீட்டரை இயக்கும் முறையை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல விடுதிகளில் அது குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் ஓடும். இடைப்பட்ட நேரத்தில் வேண்டுமானால் ஒரு பொத்தானை அழுத்தினால் சிறிது நேரம் ஓடி நின்றுவிடும். அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று நினைக்கும் பலர் அந்தப் பொத்தானைக் கவனிக்காதவர்களாக இருக்கிறார்கள். உண்மையிலேயே பழுதாகியிருந்தால் உடனே எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். சரிசெய்யத் தாமதமானால் சோதிக்கப்பட்ட தற்காலிக ஹீட்டர் ஒன்றைத் தருமாறு கேட்பது உங்கள் உரிமை. அதற்குக் கூச்சப்பட வேண்டாம். மின்கம்பளத்தையும் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை. ரப்பர் வெந்நீர்ப் பையும் தடித்த போர்வையும் போதும். ஹீட்டர் ராடு குறித்துச் சொல்ல அதிகமில்லை. குழாயிலேயே வெந்நீர் வரும்; ராடு தடை செய்யப்பட்டதும்கூட.

விளக்கு, மருந்து, ஸ்கூட்டர்

பூஜைக்கு அகல்விளக்கு, ஊதுபத்தி, சூடம் ஏற்றுவது எல்லா விடுதி அறைகளிலும் தடை செய்யப்பட்டது, மெழுகுவர்த்தியும் அப்படியே. பேட்டரியில் எரியும் சிறிய எல்இடி அகல்விளக்குகள் கிடைக்கின்றன, அவற்றுக்குத் தடையில்லை. தீபாவளிக்கோ கார்த்திகைக்கோ உண்மையான விளக்கு ஏற்ற வேண்டுமென்றால், பல்கலைக்கழகத்தின் தமிழ் அல்லது இந்து மாணவர் சங்கத்தின் மூலம் அனுமதி பெற்ற இடத்தில் ஏற்றலாம். சரவிளக்குகளில் சாக்கெட்டில் சொருகுபவற்றைத் தடை செய்து, பேட்டரி வகையை மட்டும் அனுமதிக்கும் விடுதிகள் பல.

அறைக்குள் சொந்தமாகச் சிறிய குளிர்சாதனப் பெட்டி வைப்பதும் பொதுவாகத் தடை. நாள் முழுவதும், ஆளில்லாத நேரத்திலும் ஓடும் சாதனம் என்பதே காரணம். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் டவர் தீ, நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் இருந்த குளிர்சாதனப் பெட்டியில்தான் தொடங்கியது. கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் அதைப் பெருந்தீயாக்கின. ஆனால் இன்சுலின் போன்ற மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டியவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அறைக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவத் தேவையைத் தெரிவித்து, மருத்துவரின் கடிதத்தை ஆங்கிலத்தில் இணைத்தால், விடுதியே சிறிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றைத் தருவதோ வாங்கிக்கொள்ள அனுமதிப்பதோ வழக்கம். தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்குப் பயன்படுத்தும் கருவிக்கும் இதே வழிதான். இத்தகைய தேவையை மறைத்துவிட்டுப் பொதுச் சமையலறைப் பெட்டியில் மருந்தை வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே யார் எதை எடுத்து எங்கே வைப்பார்கள் என்பது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

மின் ஸ்கூட்டரையும் மின் சைக்கிள் பேட்டரியையும் அறையில் வைத்துச் சார்ஜ் செய்வதற்கு இப்போது பெரும்பாலான விடுதிகள் தடை விதித்துள்ளன. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் நொடிகளில் அறை முழுவதும் நச்சுப்புகையும் தீயும் பரவும். சொந்த மின் ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் ஓட்டுவதே பிரிட்டனில் சட்டவிரோதம் என்பதால் அதை வாங்குவதில் பயனும் இல்லை.

ஒட்டுச்சீட்டும் அறைச் சோதனையும்

கையேட்டில் பேட் டெஸ்ட் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். எடுத்துச் செல்லக்கூடிய மின்சாதனத்தின் ஒயர், பிளக், எர்த் இணைப்பு, மேலுறையின் மின்காப்பு ஆகியவற்றைத் தகுதியுள்ளவர் சோதித்து, தேறினால் தேதியோடு ஒரு சிறிய ஒட்டுச்சீட்டை ஒட்டுவதே அது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பணியிடத்தில் மின்சாரம் குறித்த 1989ஆம் ஆண்டு விதிமுறைகள், மின்சாதனங்களை ஆபத்தில்லாத நிலையில் பராமரிக்க வேண்டும் என்கின்றன, அதை நிறைவேற்றும் வழியாக நிறுவனங்கள் இந்தச் சோதனையைக் கடைப்பிடிக்கின்றன. மாணவருடைய பொருளுக்கும் இந்தச் சீட்டைக் கேட்கும் விடுதிகள் இருக்கின்றன. பிரிட்டனில் புதிதாக வாங்கிய பொருளுக்கு முதல் ஆண்டில் ரசீதே போதும் என்று பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே ரசீதுகளைப் படமெடுத்து வைத்திருங்கள். பழைய பொருள் வாங்க வேண்டுமானால், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் மின்சாதனக் கடைகளில் சோதித்துச் சீட்டு ஒட்டிய பொருள்களே விற்கப்படுகின்றன. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவரிடமிருந்து வாங்கும் பொருளில் அந்த உறுதி இருக்காது.

சீட்டு இருந்தாலும் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. ஒயரில் வெடிப்பு, பிளக்கில் பழுப்பு நிறக் கருகல், சொருகும்போது சடசடவென்ற ஓசை, தொட்டால் சூடு, பிளாஸ்டிக் எரியும் வாடை ஆகிய எதைக் கண்டாலும் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட்டு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். சுவர் சாக்கெட்டிலேயே கருகல் இருந்தால் அதைச் சரிசெய்வது விடுதியின் பொறுப்பு; நீங்கள் திருகாணியைத் தொட வேண்டாம்.

அறைச் சோதனைக்குப் பொதுவாக முன்னறிவிப்பு வரும். தடைசெய்யப்பட்ட பொருளைக் கண்டால் எடுத்துச் சென்று வைத்துக்கொண்டு, பருவ முடிவில் திருப்பித் தருவது பல விடுதிகளின் நடைமுறை. மீண்டும் கண்டால் அபராதம் வரும். பொருளை எடுத்துச் சென்றால் எழுத்துமூலம் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். சோதனை நாளன்று அலமாரிக்குள் ஒளித்து வைத்து மறுநாள் எடுத்துப் பயன்படுத்துபவர்கள், விபத்து நேர்ந்தால் சேதத்துக்கான முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டிவரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். விடுதிக் கட்டணத்தோடு சேர்ந்துவரும் பொருள் காப்பீடு, விதியை மீறி வைத்திருந்த சாதனத்தால் விளைந்த இழப்பை ஏற்கும் என்று நம்பியிருக்க முடியாது.

தனி வீட்டுக்கு மாறும்போது

இரண்டாம் ஆண்டில் நண்பர்களோடு வாடகை வீட்டுக்கு மாறுபவர்களுக்குக் கையேடும் அறைச் சோதனையும் இருக்காது. பொறுப்பு வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவர்களுக்கும் இடையே பிரிகிறது. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டின் தனியார் வாடகை வீட்டு மின் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, வீட்டின் நிலையான ஒயரிங்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் நகலைப் புதிதாகக் குடியேறுபவருக்கு அவர் குடியேறுவதற்கு முன்பே உரிமையாளர் தர வேண்டும். மாணவர் விடுதிகளுக்கு இந்த விதிமுறை பொருந்தாது என்பதால் முதல் ஆண்டில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதன் முடிவு திருப்திகரமானது என்று இருக்கிறதா, ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம் இருக்கிறதா, அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கிறதா என்று வீட்டைப் பார்க்கச் செல்லும் அன்றே சரிபாருங்கள்.